நோவைப் பாடியவர்: ஹாங்க் வில்லியம்ஸின் 29 ஆண்டுகள்

நாரி நோவுடன் வாழ்கிறவர்களுக்கு ஒரு விடயம் தெரியும். அந்த நோவை யாருக்கும் காட்ட முடியாது. கை போனால் தெரியும், கால் போனால் தெரியும். முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் இருப்பது வெளியே தெரியாது. நாலு பேருக்கு நடுவில் நிமிர்ந்து நிற்கும் வரைக்கும் நீங்கள் சுகதேகி. 2009இல் இருந்து எனக்கு அங்கே ஒரு செல் துண்டு இருக்கிறது. அதை எடுக்கப் போனால் நடை போய்விடலாம் என்று வைத்தியர்கள் சொன்னதால் அது அப்படியே இருக்கிறது. இந்தக் கட்டுரை என்னைப் பற்றியதல்ல. ஆனால் அமெரிக்காவின் தென்பகுதியில் பிறந்து, 1953ஆம் ஆண்டின் முதல் நாளில் இறந்துபோன ஒரு பாடகரின் வாழ்க்கையை நான் ஏன் இத்தனை காலமாகத் தேடித் தேடி வாசிக்கிறேன் என்று சொல்வதற்கு இந்த ஒரு தகவல் தேவைப்படுகிறது.

அவர் பெயர் ஹாங்க் வில்லியம்ஸ். எங்கள் நாட்டில் கன்ட்ரி இசை என்றால் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருபவர் ஜிம் ரீவ்ஸ். நத்தார் காலத்தில் அவருடைய குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் எங்களில் நிறையப் பேர். அந்த ஜிம் ரீவ்ஸ், பாடகராகப் பெயரெடுக்க முன்னர் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரத்து வானொலியொன்றில் அறிவிப்பாளராக இருந்தார். அதே வானொலியில்தான், அவருக்குச் சில ஆண்டுகள் முன்னதாக, ஹாங்க் வில்லியம்ஸ் என்ற மெலிந்த, உயர்ந்த இளைஞரின் குரல் முதன்முதலாகத் தன் சொந்த மாநிலத்துக்கு வெளியே பரவியது. ஜிம் ரீவ்ஸின் குரல் மென்மையானது, வழவழப்பானது. ஹாங்க்கின் குரல் அப்படியல்ல. நடுவில் உடையும். உடைந்த இடத்தில் இருந்து மறுபடி எழும்பும்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் வழமையாக ஒரு முடிவுக்கு வருவார்கள். துன்பப்பட்டார், அதனால்தான் அவரால் அப்படிப் பாட முடிந்தது என்பார்கள். எங்களைப் பற்றியும் இதே மாதிரியான கதையொன்று உண்டு. இவ்வளவு இழப்புக்குள் இருந்து பெரிய இலக்கியம் வரும், பெரிய பாட்டு வரும் என்று மேடைகளில் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஹாங்க்கின் வாழ்க்கையை முழுவதுமாகச் சொல்ல வேண்டும் போல் இருக்கும். ஏனென்றால் அந்த வாழ்க்கையைக் கிட்ட நின்று பார்த்தால், அவரைப் பாட வைத்தது வேறு. அவரைக் கொன்றது வேறு.

தந்தை இல்லாத வீடு

1923 செப்டெம்பர் 17ஆம் திகதி, அலபாமா மாநிலத்தின் பட்லர் மாவட்டத்தில், மவுண்ட் ஒலிவ் என்ற சிறிய கிராமத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஹைரம். பிறப்புப் பதிவு எழுதியவர் அதைப் பிழையாக எழுதிவைத்தார். தந்தை லொன் வில்லியம்ஸ் மரம் தறிக்கும் கம்பனிகளின் சிறிய றெயில் பாதைகளில் வேலை செய்தவர். முதலாம் உலகப் போருக்குப் போய் பிரான்சில் காயப்பட்டுத் திரும்பியவர். திரும்பி வந்து, குடும்பம் நடத்தி, வேலை செய்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்த ஒரு காலத்தில், 1930ஆம் ஆண்டளவில் அவருடைய முகத்தின் ஒரு பகுதி செயலிழக்கத் தொடங்கியது. முன்னாள் படையினருக்கான வைத்தியசாலையில் சேர்த்தார்கள். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அவர் வைத்தியசாலைகளிலேயே இருந்தார். அதன்பிறகும் அவர் திரும்பி வந்து அந்தக் குடும்பத்தோடு வாழவில்லை.

போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு வீட்டுக்குள் வந்து தந்தையைத் தூக்கிச் சென்ற கதை இது. ஆள் உயிரோடு இருக்கிறார், ஆனால் வீட்டில் இல்லை. இறந்தவருக்குச் செய்கிற சடங்கும் இல்லை, இருப்பவரிடம் கிடைக்கிற ஆதரவும் இல்லை. ஹைரமுக்கு அப்போது ஆறு அல்லது ஏழு வயது. ஐரீன் என்று ஒரு அக்கா.

தாய் லில்லி உயரமும் பருமனும் கொண்டவர். யாருக்கும் பயப்படாதவர் என்று அவரை அறிந்த எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அது அமெரிக்காவின் பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம். குடும்பத்தை ஜோர்ஜியானா என்ற சிறு பட்டினத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே குடியேறிய முதல் வீடு தீப்பிடித்து எரிந்து, இருந்த சாமான்களும் போயின. ஊரவர் ஒருவர் தந்த இன்னொரு வீட்டில் மறுபடி தொடங்கினார். வைத்தியசாலையில் இரவு வேலை செய்தார். தொழிலாளர்களும் பயணிகளும் காசு கொடுத்துத் தங்கிச் சாப்பிட்டுப் போகும் விடுதியாக வீட்டை நடத்தினார். பிறகு கிரீன்வில், அதன்பிறகு 1937இல் மாநிலத் தலைநகரான மொன்ட்கொமரி. போன இடமெல்லாம் அதே விடுதித் தொழில். பிள்ளைகளும் உழைத்தார்கள். ஹைரம் தெருவில் கச்சான் விற்றான், சப்பாத்துத் துடைத்தான்.

அந்தப் பையனுக்குப் பிறவியிலேயே ஒரு குறை இருந்தது. கருவில் இருக்கும்போது முள்ளந்தண்டின் எலும்பு வளையங்கள் முழுமையாக மூடிக்கொள்ளாமல் விடுவது அது. பலருக்கு இது இருப்பதே தெரியாமல் வாழ்நாள் கழிந்துவிடும். அவனுக்கு அப்படியிருக்கவில்லை. ஓடி விளையாட முடியாது, பாரம் தூக்க முடியாது. மரவேலையும் றெயில்வே வேலையும் தவிர ஆண்களுக்கு வேறு பிழைப்பு அதிகம் இல்லாத ஊரில், முதுகு சரியில்லாத பையனுக்கு என்ன எதிர்காலம் இருக்க முடியும்? அந்த நோவுக்கு ஒரு பெயர் உண்டென்று சிறுவயதில் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பல ஆண்டுகளாக அது வெறும் சோம்பலாகவும் சாட்டாகவுமே பார்க்கப்பட்டிருக்கும் என்பதை நான் ஊகிக்க வேண்டியதில்லை. எனக்கு அது தெரியும்.

எட்டு வயதளவில் அவனுடைய கைக்கு ஒரு கிற்றார் வந்தது. அதை யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்பதில் பின்னாளில் பெரிய போட்டி. அவர் புகழடைந்த பிறகு, முதல் கிற்றாரை நான்தான் கொடுத்தேன் என்று உரிமை கோரியவர்கள் ஜோர்ஜியானாவில் பல பேர்.

தெருவில் கிடைத்த ஆசிரியர்

கிற்றாரைக் கொடுத்தவர்கள் பலர். வாசிக்கக் கற்றுக் கொடுத்தவர் ஒருவர்தான். அவர் பெயர் ரூபஸ் பெய்ன். கறுப்பினத்தவர், தெருவில் பாடிப் பிழைத்தவர். டீ-டொட் என்பது அவருடைய பட்டப்பெயர். மதுவைத் தொடாதவர்களை ஆங்கிலத்தில் அழைக்கும் சொல்லைத் திரித்து வைத்த பகிடி அது. தேநீருக்குள் மதுவைக் கலந்து கூடவே கொண்டு திரிவாராம்.

வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பாடசாலை, தனித்தனித் தண்ணீர்க் குழாய், தனித்தனி இருக்கை என்று சட்டம் இருந்த அலபாமா அது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வெள்ளைச் சிறுவன் ஒரு கறுப்பினத் தெருப் பாடகரின் பின்னால் கிற்றாரோடு நடந்து திரிந்தான். காசு இருந்தால் காசு கொடுப்பான். இல்லாத நாளில் லில்லி சாப்பாடு கொடுப்பார். பெய்ன் அவனுக்குச் சுரக்கோர்வைகளைக் காட்டிக் கொடுத்தார். தாளத்தைக் கீழ்ச்சுரங்களில் நடத்துவது எப்படி என்று காட்டினார். புளூஸ் என்ற கறுப்பின மக்களின் துயர இசையை அவனுடைய காதில் ஏற்றினார். இதையெல்லாம் விட முக்கியமாக, தெருவில் போகிற ஆளை நிற்கவைப்பது எப்படி என்று கற்றுக் கொடுத்தார். நிற்க விருப்பமில்லாதவனையும் நிற்கவைத்து, சட்டைப்பையில் கைவைக்கச் செய்கிற கலை அது.

இசைக் குறியீடுகளை எழுதவோ வாசிக்கவோ ஹாங்க் கடைசி வரைக்கும் கற்கவில்லை. 1951இல், அமெரிக்கா முழுவதும் அறிந்த பாடகராக இருந்தபோது, மொன்ட்கொமரிப் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், தனக்குக் கிடைத்த இசைப் பயிற்சி முழுவதும் இந்த ஒருவரிடமிருந்துதான் என்று சொன்னார். வெள்ளை இனப் பாடகர் ஒருவர் அந்த ஊரில், அந்தக் காலத்தில் அப்படிச் சொன்னது சாதாரண விடயமல்ல. ஆனால் கேட்பதற்கு ரூபஸ் பெய்ன் இருக்கவில்லை. 1939இலேயே அவர் மொன்ட்கொமரியில் வறுமையில் இறந்துபோயிருந்தார்.

வாரம் பதினைந்து டொலர்

மொன்ட்கொமரிக்கு வந்த புதிதில் ஒரு திரையரங்கில் நடந்த பாட்டுப் போட்டியில் அவர் கலந்துகொண்டார். அரசாங்கத்தின் நிவாரண வேலைத்திட்டத்தைப் பற்றித் தானே கட்டிய ஒரு பாடலைப் பாடினார். முதற் பரிசு 15 டொலர். ஹைரம் என்ற பெயரையும் அந்தக் காலத்தில்தான் ஹாங்க் என்று மாற்றிக்கொண்டார். பாடகனுக்கு அதுதான் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தார்.

பாடசாலை விட்டதும், வானொலி நிலையத்துக்கு முன்னால் உள்ள நடைபாதையில் நின்று பாடுவார். ரூபஸ் பெய்ன் கற்றுக் கொடுத்த வித்தை அங்கே வேலை செய்தது. உள்ளே இருந்தவர்கள் கவனித்தார்கள், கூப்பிட்டார்கள். பிறகு வாரத்தில் இரண்டு நாட்கள், பதினைந்து நிமிட நிகழ்ச்சி அவருக்கென்று கிடைத்தது. சம்பளம் வாரத்துக்கு 15 டொலர். அதை வைத்து டிரிஃப்டிங் கவ்போய்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார். 1939இல் பாடசாலையை விட்டார். தாயே முகாமையாளர். கார் ஓடுவதும் வாசலில் நின்று காசு வாங்குவதும் குழப்படிக்காரரை வெளியே தள்ளுவதும் லில்லிதான். பாடிய இடங்கள் பெரும்பாலும் தவறணைகள். சண்டை இல்லாமல் ஒரு இரவு முடிவது அபூர்வம்.

குடி அங்கேதான் பிடித்தது என்று சொல்வார்கள். அதற்கு முன்பே பிடித்துவிட்டது என்றும் சொல்வார்கள். பதின்ம வயதிலேயே அவர் குடித்தார் என்பது மட்டும் நிச்சயம். குடித்தால் நாரி நோகாது. இந்தச் சிறிய வாக்கியத்துக்குள் எத்தனை பேருடைய வாழ்க்கை இருக்கிறதென்று எங்கள் ஊர்களில் வாழ்கிறவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நானும் சில ஆண்டுகள் போத்தலுக்குள் அந்த நித்திரையைத் தேடியவன்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. குழுவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் படைக்கு எடுக்கப்பட்டார்கள். முதுகு காரணமாக ஹாங்க்கை எடுக்கவில்லை. புதிதாகச் சேர்ந்த இசைஞர்கள் அவருடைய குடியைப் பார்த்துவிட்டு நிற்காமல் போனார்கள். 1942 ஓகஸ்டில் வானொலி நிலையம் அவரை வேலையில் இருந்து நீக்கியது. காரணம் குடி. அப்போது அவருக்கு இன்னும் 19 வயது முடியவில்லை. மொபைல் துறைமுக நகரத்தின் கப்பல் கட்டும் தளத்தில் சில காலம் கூலிக்கு வேலை செய்தார். முதுகு சரியில்லாதவனுக்கு அது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

1943இல் ஒட்ரி ஷெப்பர்ட் என்ற பெண்ணைச் சந்தித்தார். ஒரு குழந்தையோடு தனித்திருந்தவர். அடுத்த ஆண்டு டிசம்பரில் இருவரும் திருமணம் செய்தார்கள். ஒட்ரிக்குத் தானும் பாடகியாக வேண்டும் என்ற ஆசை இருந்தது. அந்த அளவுக்குக் குரல் இருக்கவில்லை. ஆனால் ஹாங்க்கிடம் என்ன இருக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார். அவரை மொன்ட்கொமரித் தவறணைகளில் இருந்து வெளியே இழுத்தவர் ஒட்ரிதான்.

நாஷ்வில்

1946 செப்டெம்பரில் ஒட்ரி அவரை டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரத்துக்குக் கூட்டிச் சென்றார். அங்கே பிரெட் ரோஸ் என்பவர், பாடகர் ரோய் அக்கஃப்போடு சேர்ந்து 1942இல் தொடங்கிய பாடல் வெளியீட்டு நிறுவனத்தை நடத்தி வந்தார். கன்ட்ரிப் பாடல்களின் உரிமையைச் சரியாகப் பதிவு செய்து, எழுதியவருக்குரிய பங்கைக் கொடுக்கிற வேலையை நாஷ்வில்லில் நிலைநிறுத்தியது அந்த நிறுவனம். அதற்கு முன்பு, கிராமத்துப் பாடகர்கள் தங்கள் பாடல்களைச் சில டொலர்களுக்கு விற்றுவிட்டுப் போய்விடுவார்கள்.

ரோஸ் ஒரு காலத்தில் தானும் குடியில் மூழ்கி மீண்டவர். சிக்காகோவில் ஜனரஞ்சகப் பாடல்கள் எழுதியவர். ஹாங்க்கிடம் இருந்தது என்ன, இல்லாதது என்ன என்று அவருக்கு உடனே தெரிந்தது. ஹாங்க் கடதாசித் துண்டுகளிலும் அப்பியாசக் கொப்பிகளிலும் எழுதிக்கொண்டு வருவதை ரோஸ் செம்மைப்படுத்துவார். ஒரு சொல்லை மாற்றுவார், நடுப்பகுதியைச் சீராக்குவார். பல பாடல்களில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. ஒலிப்பதிவிலும் அவருடைய காது வேலை செய்தது. ஹாங்க்கின் குரல் இருக்கிற உயரத்தில் ஸ்ரீல் கிற்றார் குறுக்கிடக்கூடாது, அதற்கும் மேலே நின்று பேச வேண்டும் என்று நினைத்தார். அந்தக் கருவியை வாசித்த டொன் ஹெல்ம்ஸ் உச்சச் சுரங்களிலேயே வாசித்தார். இன்றைக்கும் அந்த இசைத்தட்டுகளைக் கேட்டால், பாடுகிறவருக்குப் பின்னால் இன்னொருவர் அழுகிற மாதிரி இருப்பது அதனால்தான்.

1947இல் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காகப் பதிவு செய்த மூவ் இட் ஒன் ஓவர் அவருக்குக் கிடைத்த முதலாவது பெரிய வெற்றி. பிந்தி வந்த கணவன் வீட்டுக்குள் விடப்படாமல் நாயின் கூட்டில் இடம் கேட்கிற பகிடிப் பாடல் அது. 1948 ஓகஸ்டில் ஷ்ரீவ்போர்ட் வானொலியின் லூசியானா ஹேய்றைட் என்ற சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியில் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் லவ்சிக் புளூஸ் என்ற பழைய பாடலைப் பதிவு செய்தார். 1922இல் வேறு இருவர் எழுதிய பாடல் அது. பிரெட் ரோஸுக்கு அது பிடிக்கவில்லை, கூட வாசித்தவர்களுக்கும் நம்பிக்கை இருக்கவில்லை. மேடையில் அதைப் பாடும்போது சனம் என்ன செய்கிறது என்று ஹாங்க்குக்குத் தெரியும். அவர் விடவில்லை. 1949இல் அது வெளியாகி, 16 வாரங்கள் கன்ட்ரிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது.

அவ்வாண்டு ஜூன் 11ஆம் திகதி, நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஒப்ரி மேடையில் அவர் முதன்முறையாகப் பாடினார். பழைய ஜெபமண்டபம் ஒன்றில் நடந்து, அமெரிக்காவின் பெரும்பகுதிக்கு வானொலியில் போய்ச் சேர்ந்த நிகழ்ச்சி அது. முன்பு அவருடைய குடியைக் காரணம் காட்டி அவரைச் சேர்க்கத் தயங்கிய இடம். அன்றைக்கு ஆறு தடவை அவரைத் திரும்பத் திரும்ப மேடைக்கு அழைத்தார்கள் என்று ஒப்ரியின் கதைகள் சொல்கின்றன. இரண்டு வாரத்துக்கு முன்னர்தான் அவருக்கு மகன் பிறந்திருந்தான்.

அடுத்து வந்த மூன்று ஆண்டுகளில் அவர் எழுதியவைதான் அவருடைய பெயரை இன்றுவரை வைத்திருப்பவை. தனிமையைப் பற்றிய அவருடைய பெயர்பெற்ற பாடல், வேறொரு பாடலுக்குப் பின்பக்கமாகவே 1949இல் இசைத்தட்டில் வெளிவந்தது. 1951இல் கோல்ட் கோல்ட் ஹார்ட் என்ற பாடலை டொனி பெனட் என்ற நகரத்துப் பாடகர் பெரிய வாத்தியக் குழுவோடு பாடினார். அது நாடு தழுவிய பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. கிராமத்தான் பாட்டு என்று ஒதுக்கியவர்கள் எல்லோரும் அதன்பிறகு ஹாங்க்கின் கொப்பியைத் தேடி வந்தார்கள். லூக் த டிரிஃப்டர் என்ற வேறு பெயரில், பாடாமல் பேசுகிற மாதிரி, அறவுரைகளும் பதிவு செய்தார். ஏழைகளை ஏளனம் செய்யாதே, தவறியவர்களை மன்னி என்பன போன்றவை. பகலில் அந்த அறவுரை, இரவில் போத்தல் என்று அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. நான் கேலி செய்யமாட்டேன். தான் எதைச் செய்ய வேண்டுமென்று தெரிந்திருந்தும் செய்ய முடியாமல் இருந்த ஒருவர் தனக்கே சொல்லிக்கொண்டவை அவை.

அவருடைய பாடல்களில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. மூன்று நான்கு சுரக்கோர்வைகளுக்கு மேல் தேவைப்படுவதில்லை. சொந்த வீட்டுச் சண்டையை எழுதினார், கேட்டவர்கள் தங்கள் வீட்டுச் சண்டை என்று நினைத்தார்கள். ஒட்ரிக்கும் அவருக்கும் இடையில் நடந்தவையே பல பாடல்களுக்கு அடி.

வைத்தியர் அல்லாத வைத்தியர்

1951 டிசம்பரில் நாஷ்வில்லில் அவருடைய முதுகில் சத்திரசிகிச்சை செய்தார்கள். படுத்திருக்க வேண்டிய காலம் முடிய முன்னரே, நத்தாருக்கு வீட்டில் இருக்க வேண்டுமென்று வந்துவிட்டார். நோ குறையவில்லை. வீடும் அமைதியாக இருக்கவில்லை. 1952 தொடக்கத்தில் ஒட்ரி பிரிந்தார். அவ்வாண்டிலேயே விவாகரத்து ஆனது. நிகழ்ச்சிகளுக்கு வராமல் விட்டார், வந்தால் நிற்க முடியாமல் வந்தார். குடியில் இருந்து மீட்கும் நிலையங்களில் பல தடவை சேர்க்கப்பட்டார். அந்தக் காலத்தில் மீட்பது என்பது சில நாட்கள் குடியைக் கொடுக்காமல் அடைத்துவைப்பது. முதுகு அப்படியே இருக்கும். வெளியே வந்ததும் நோவும் குடியும் ஒன்றையொன்று மறுபடி கண்டுபிடிக்கும். 1952 ஓகஸ்டில் ஒப்ரி அவரை நீக்கியது.

ஷ்ரீவ்போர்ட்டுக்குத் திரும்பினார். ஒக்டோபரில் பில்லி ஜீன் என்ற இளம்பெண்ணை மறுமணம் செய்தார். நியூ ஓர்லியன்ஸ் நகரில் நுழைவுச்சீட்டு விற்று, ஆயிரக்கணக்கானோர் முன்னால் அந்தத் திருமணச் சடங்கு மேடையில் நடத்தப்பட்டது. அதே நாட்களில்தான், தன்னிடம் கருவுற்றிருந்த இன்னொரு பெண்ணுடன், பிறக்கப்போகும் குழந்தையை யார் வளர்ப்பது என்று உடன்படிக்கை எழுதிக் கையொப்பமிட்டார். அவரை நல்லவராகக் காட்டுவதற்கு நான் எதையும் மறைக்க விரும்பவில்லை.

அந்தக் கடைசி மாதங்களில் அவருக்கு மருந்து கொடுத்தவர் வைத்தியரே அல்ல. பட்டத்தைக் காசுக்கு வாங்கி, தன்னை வைத்தியர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர். குடிக்கு வைத்தியம் என்று சொல்லி, குளோரல் ஹைட்ரேட் என்ற கடுமையான நித்திரை மருந்தை எழுதிக் கொடுத்தார். மதுவோடு சேர்ந்தால் இதயத்தையும் மூச்சையும் அடக்கக்கூடிய மருந்து அது. ஹாங்க் இறந்த பிறகு, அலுவலக விசாரணையொன்றிலேயே அவர் யாரென்பது வெளியே வந்தது.

இந்த இடத்தில் நான் எப்போதும் நிற்பேன். அமெரிக்காவில் அப்போது அதிகம் சம்பாதித்த பாடகர்களில் ஒருவருக்கே நோவுக்குச் சரியான வைத்தியம் கிடைக்கவில்லை. துண்டு இல்லாமல் மாத்திரை விற்கிறவர்களிடம் எங்கள் சனம் எதற்குப் போகிறது என்று கேட்கிறவர்களுக்கு இது ஒரு பதில். நோவுள்ளவன் முட்டாள் அல்ல. அவனுக்கு இன்றிரவு நித்திரை வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில், 1952 செப்டெம்பர் 23ஆம் திகதி, நாஷ்வில்லில் அவர் கடைசியாக ஒலிப்பதிவு செய்தார். அந்த ஒரே அமர்வில் நாலு பாடல்கள். யுவர் சீட்டிங் ஹார்ட்டும் அதில் ஒன்று. உடல் முடிந்துகொண்டிருந்த நேரத்திலும் குரல் நின்றது. பலர் இதைத்தான் துன்பத்தின் கொடை என்கிறார்கள். எனக்கு அங்கே தெரிவது பதினைந்து ஆண்டுத் தொழில். தெருவில் ரூபஸ் பெய்ன் போட்ட அத்திவாரமும், பிரெட் ரோஸ் திருத்தித் திருத்திச் செதுக்கிய பழக்கமும்.

கடைசிப் பயணம்

1952 டிசம்பர் 31ஆம் திகதி மேற்கு வேர்ஜீனியாவின் சார்ள்ஸ்டனிலும், புத்தாண்டு நாளில் ஒஹையோவின் கன்டனிலும் அவருக்கு நிகழ்ச்சிகள் இருந்தன. மொன்ட்கொமரியில் இருந்து தன் நீலநிற கடிலாக் காரில் புறப்பட்டார். ஓட்டுவதற்குக் கல்லூரி மாணவன் ஒருவன். பனிப்புயல். இடையில் நொக்ஸ்வில்லில் இருந்து விமானம் ஏறினார்கள். காலநிலை காரணமாக அது திரும்பி வந்தது. சார்ள்ஸ்டன் நிகழ்ச்சி கைவிடப்பட்டது. நொக்ஸ்வில் விடுதியொன்றில் வைத்தியர் ஒருவர் வந்து மோர்பின் கலந்த ஊசி போட்டார். அன்றிரவே, கன்டனுக்குப் போய்ச் சேர வேண்டுமென்று, அவரைக் காரின் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு அந்த மாணவன் மலைப்பாதைகளால் ஓடினான். விடியுமுன், ஓக் ஹில் என்ற சிறு பட்டினத்தில், பின்னால் இருப்பவர் அசையவில்லை என்பதைக் கண்டான். இதயம் செயலிழந்தமையே காரணம் என்று பரிசோதனை முடிவு சொன்னது. வயது 29.

கன்டனில் மண்டபம் நிறைந்திருந்தது. அவர் இறந்துவிட்டார் என்று மேடையில் அறிவித்தபோது சிலர் சிரித்தார்களாம். வராமல் விடுவதற்கு இன்னொரு சாட்டு என்று நினைத்திருக்கிறார்கள். பிறகு திரைக்குப் பின்னாலிருந்து, அவர் எழுதிய பக்திப் பாடலொன்றைக் குழுவினர் பாடத் தொடங்கினார்கள். அப்போதுதான் சனத்துக்கு விளங்கியது.

ஜனவரி 4ஆம் திகதி மொன்ட்கொமரி நகர மண்டபத்தில் இறுதி நிகழ்வு நடந்தது. உள்ளே கொண்டது மூவாயிரத்துக்கும் குறைவான பேரை. தெருவில் நின்றவர்களையும் சேர்த்தால் பதினையாயிரத்துக்கு மேல். கறுப்பின மக்களும் வந்தார்கள். அவர்களுக்கு மேல்மாடத்தில் தனி இடம். அதே நகரத்தில், மூன்று ஆண்டுகளுக்குள், பஸ்ஸில் தனி இருக்கையை மறுத்து அவர்கள் நடத்திய போராட்டம் உலகத்துக்குத் தெரியவந்தது.

யுவர் சீட்டிங் ஹார்ட் அவர் இறந்த பிறகே வெளியாகி முதலிடத்துக்கு வந்தது. அவர் இறந்து ஐந்து நாட்களின் பின், அந்த உடன்படிக்கையில் எழுதப்பட்ட குழந்தை பிறந்தது. லில்லி அந்தப் பேத்தியைத் தத்தெடுத்தார். 1955இல் லில்லியும் இறக்க, குழந்தை வேறு வீட்டுக்குப் போனது. வளர்ந்த பிறகு தன் தந்தை யாரென்று அறிந்து, 1980களில் நீண்ட வழக்கு நடத்தி, அவருடைய மகள் என்ற உரிமையை நீதிமன்றத்தில் பெற்றார். இன்று ஜெட் வில்லியம்ஸ் என்ற பெயரில் அவரும் பாடகி. முகம் பார்த்திராத தந்தையின் பெயருக்காகக் கடதாசிகளோடு அலைந்த பிள்ளைகளின் கதை எங்களுக்குப் புதிதல்ல.

இரண்டு கல்லறைகள்

1961இல் கன்ட்ரி இசையின் புகழ்மண்டபத்தில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட மூவரில் ஹாங்க்கும் ஒருவர், பிரெட் ரோஸும் ஒருவர். 2010இல் அமெரிக்காவின் புலிட்சர் விருதுக் குழு, பாடல் எழுத்துக்காக ஹாங்க்குக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது. அந்தக் கடிலாக் கார் மொன்ட்கொமரி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அவருடைய கல்லறை பெரிய பளிங்குத் தூண், அதன் அடியில் கல்லில் செதுக்கிய தொப்பி.

அதே மொன்ட்கொமரியில், லிங்கன் மயானம் என்று இன்னொரு மயானம் உண்டு. கறுப்பின மக்களுக்குரியது. ரூபஸ் பெய்ன் அங்கேதான் புதைக்கப்பட்டார். எந்த இடத்தில் என்று குறித்து வைக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நினைவுக்கல் நட்டார்கள். சரியான இடம் தெரியாததால், அந்த மயானத்துக்குள் எங்கோ அவர் இருக்கிறார் என்ற அளவில் அந்தக் கல் நிற்கிறது. கல் மட்டும் இருந்து ஆள் எங்கே என்று தெரியாமல் விளக்கேற்றுகிறவர்கள் அதைப் புரிந்துகொள்வார்கள்.

ஹாங்க்கைப் பாட வைத்தவர்கள் என்று எண்ணினால், தந்தை போன வீட்டைச் சாப்பாட்டு விடுதியாக்கிக் காப்பாற்றிய தாய், தெருவில் சாப்பாட்டுக்குப் பாடம் சொன்ன கறுப்பின மனிதர், தூக்கிக்கொண்டு நாஷ்வில்லுக்குப் போன மனைவி, பேர் போடாமல் திருத்திக் கொடுத்த பிரெட் ரோஸ் என்று ஆட்கள்தான் வருகிறார்கள். நோ அந்தக் கணக்கில் இல்லை. நோ அவரிடமிருந்து பாடல்களை எடுத்துக்கொண்டது. 29 வயதோடு நின்றுபோனவருக்கு முப்பதிலும் நாற்பதிலும் எழுத எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்தால், கொடை என்ற சொல் எனக்கு வாயில் வருவதில்லை.

நித்திரை வராத இரவுகளில் இப்போதும் அவரைக் கேட்கிறேன். கேட்டால் நோ குறையாது. ஆனால் அந்த நேரத்தில் விழித்திருக்கிற இன்னொருவர் இருக்கிறார் என்று இருக்கும். வருகிற மாதம் எனக்குக் கிளினிக் இருக்கிறது. விடிய நாலு மணிக்கு எழும்பி பஸ் பிடித்து, வரிசையில் நம்பர் எடுத்து, பல மணி நேரம் வாங்கில் இருக்க வேண்டும். போன தடவை போகாமல் விட்டேன். இந்த முறை போவேன்.